மூன்று சென்சாரும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள கன்ட்ரோலர் போர்டில் மண் ஈரப்பதத்துக்கு ஒரு கெபாசிட்டிவ் சென்சார், நீர்மட்டத்துக்கு அல்ட்ராசோனிக், வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 மூன்றையும் சேர்த்திருக்கிறீர்கள். வீட்டு மேசையில், சால்டர் இல்லாமல் ஒயரைச் செருகும் ப்ரெட்போர்டில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அதையே டாட் போர்டில் (செம்புப் புள்ளிகள் உள்ள ஓட்டை போர்டு) சால்டர் வைத்து மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனதும் ஈரப்பத எண் 1700க்கும் 2600க்கும் இடையில் தாவுகிறது. நீர்மட்டம் நடுநடுவே 0 ஆகிறது. வெப்பநிலை சில நேரம் 85, சில நேரம் -127. மழை பெய்யும் இரவுகளில் இன்னும் மோசம். சால்டரை எடுத்துவிட்டு மறுபடி வைத்தும் பலனில்லை. "சென்சார் டூப்ளிகேட்டா, எந்த கம்பெனி வாங்கலாம், கோடில் சராசரி போட்டுவிட்டால் சரியாகுமா" என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. சென்சார், ஒயர், சால்டர், பவர், கன்ட்ரோலர் என்ற ஐந்தில் எது பொய் சொல்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். அது தெரிந்தால் கம்பெனி கேள்வி பெரும்பாலும் தேவைப்படாது.

நான் கும்பகோணத்தில் பல வருஷம் டிவி, இன்வெர்ட்டர் போர்டுகள் பார்த்தவன். இப்போது பம்புசெட் ஸ்டார்ட்டர் போர்டுகள்தான் அதிகம் வருகின்றன. மண், பயிர் விஷயத்தில் என் அறிவு வரப்போரத்து அறிவுதான். அதனால் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் உறுதியாகச் சொல்வேன், மண் பக்கம் கொஞ்சம் அடக்கி வாசிப்பேன். உங்கள் போர்டின் படம்கூட இல்லாமல் "இதுதான் காரணம்" என்று ஒன்றைக் காட்டினால் அது ஜோசியம். ஆனால் நீங்கள் எழுதிய எண்களே நிறையச் சொல்கின்றன.

முதல் விஷயம், மூன்று சென்சாரும் மூன்று ஜாதி. ஒன்று அனலாக் வோல்டேஜ் தருகிறது, ஒன்று ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது, ஒன்று ஒரே டேட்டா ஒயரில் டிஜிட்டலாகப் பேசுகிறது. இந்த மூன்றும் ஒரே வாரத்தில் தனித்தனியாகக் கெட்டுப்போகாது. ஆகவே மூன்றுக்கும் பொதுவாக இருப்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பொதுவாக இருப்பது பவர், கிரவுண்ட், அப்புறம் நீங்கள் சால்டர் வைத்த அந்த டாட் போர்டு.

இரண்டாவது, 85, -127 இரண்டுமே வெப்பநிலை இல்லை. டிஎஸ்18பி20க்கு மின்சாரம் வந்தவுடன் அதன் உள் நினைவில் 85 டிகிரி என்ற எண்தான் உட்கார்ந்திருக்கும். அளந்து முடித்த பிறகுதான் அது மாறும். 12 பிட் துல்லியத்தில் ஒரு அளவுக்கு 750 மில்லிசெகண்ட் வரை ஆகும். அதற்குள் படித்தாலோ, நடுவில் ஒரு கணம் மின்சாரம் போய்த் திரும்ப வந்தாலோ 85 வரும். -127 என்பது வழக்கமான டல்லாஸ் லைப்ரரி (இந்த சென்சாரைப் படிக்கும் ரெடிமேட் கோடு) "அந்தப் பக்கம் யாரும் பதில் சொல்லவில்லை" என்பதற்கு வைத்திருக்கும் அடையாள எண். இதேபோல அல்ட்ராசோனிக்கில் வரும் 0, தண்ணீர் சென்சாரைத் தொட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கோடில் எதிரொலி நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் ஃபங்ஷன் காத்திருந்து எதிரொலி வராவிட்டால் 0 திருப்பும், அவ்வளவுதான். மேசையில் இதே கோடு ஒழுங்காக ஓடியது என்பதால் அவசரமாகப் படிக்கும் பிரச்சினையைத் தள்ளிவைக்கலாம். மிச்சம் இருப்பது, சென்சாருக்கு மின்சாரம் விட்டுவிட்டுப் போகிறது அல்லது ஒயர் தொடர்பு அறுகிறது. இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, ஈரப்பத எண்ணுக்கு வருவோம். ஈஎஸ்பி32இல் வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதியான ஏடிசி 12 பிட், அதாவது 0 முதல் 4095. ஒரு எண் சுமார் 0.8 மில்லிவோல்ட். உங்கள் தாவல் 900 எண், கிட்டத்தட்ட 0.7 வோல்ட். சாதாரண இரைச்சல் இவ்வளவு பெரிதாக இருக்காது. எங்கோ தொடர்பு விடுகிறது, அல்லது பவர் சரிகிறது, அல்லது தப்பான பின் (ஒயர் சேர்க்கும் கால்). பின் விஷயத்தை முதலில் பார்த்துவிடுங்கள், செலவே இல்லாதது. ஈஎஸ்பி32 உள்ளே இரண்டு ஏடிசி உண்டு. போர்டில் ஜிபிஐஓ என்று எண்ணிட்ட பின்களில் 0, 2, 4, 12 முதல் 15 வரை, 25 முதல் 27 வரை உள்ளவை இரண்டாவது ஏடிசியைச் சேர்ந்தவை. வைஃபை ஓடும்போது அதை வைஃபையே எடுத்துக்கொள்ளும், நம் அளவை நம்ப முடியாது. மேசையில் வைஃபை இல்லாமல் சோதித்துவிட்டு, கொட்டகையில் போனுக்கு அனுப்ப வைஃபை போட்டிருந்தால் வித்தியாசம் அங்கேயே தொடங்கியிருக்கலாம். அனலாக் சென்சாரை 32 முதல் 35 வரையுள்ள ஏதாவது ஒரு பின்னுக்கு மாற்றுங்கள்.

பின் சரியாக இருந்தால், அடுத்ததாக மண் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பென்சில் செல்லை வையுங்கள். 1.5 வோல்ட் புது செல், பிளஸ் ஏடிசி பின்னில், மைனஸ் ஈஎஸ்பி32இன் கிரவுண்ட் பின்னில். செல்லுக்கு மழையும் தெரியாது, மோட்டாரும் தெரியாது. அதன் வோல்டேஜ் ஆடாது. ஆகவே திரையில் எண் ஆடினால் பழி செல் மேல் போட முடியாது. இந்த ஏடிசி நேர்கோட்டில் அளக்காது என்பதால் என்ன எண் வருகிறது என்று கவலைப்பட வேண்டாம், நிலையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருபது முப்பது எண் அங்கே இங்கே போவது இந்தச் சிப்பின் சுபாவம். நூற்றுக்கணக்கில் தாவினால் கோளாறு உங்கள் போர்டில்.

அப்புறம் செல்லை எடுத்துவிட்டு இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் தொடராக வைத்து, நடுமுனையை அதே பின்னுக்குக் கொடுங்கள். செல்லில் நிலையாக இருந்து, ரெசிஸ்டரில் தாவினால் 3.3 வோல்ட் சப்ளையே ஆடுகிறது என்று அர்த்தம். இரண்டிலும் தாவினால் பின், கிரவுண்ட் அல்லது சால்டர். இரண்டிலும் நிலையாக இருந்தால் அப்போது சென்சாரையும் அதன் ஒயரையும் குற்றம் சொல்லலாம். (இந்த இரண்டாவது சோதனை ஆர்டுயினோ ஊனோ என்ற இன்னொரு போர்டில் இப்படி வேலை செய்யாது. அது சப்ளையையே அளவுகோலாக வைத்துக்கொள்வதால் சப்ளை ஆடுவது ரெசிஸ்டரில் தெரியாமல் போகும். ஈஎஸ்பி32க்கு அளவுகோல் சிப்புக்குள்ளேயே இருக்கிறது.) இரண்டு சோதனையையும் கொட்டகையிலேயே, மோட்டார் ஓடும்போதும் நின்றிருக்கும்போதும், வைஃபை ஓடும்போதும் இல்லாதபோதும் செய்யுங்கள். வீட்டு மேசைக்குத் திரும்பக் கொண்டுவந்து செய்தால் எல்லாம் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும்.

பவர் பற்றி என் ஊகம் கொஞ்சம் பலமானது. வைஃபை அனுப்பும் கணத்தில் ஈஎஸ்பி32 சட்டென்று 240 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும். தயாரிப்பாளரே 500 மில்லிஆம்பியராவது தரக்கூடிய சப்ளை வேண்டும் என்கிறார்கள். பழைய போன் சார்ஜர், மெல்லிய நீளமான யூஎஸ்பி கேபிள் என்றால் 5 வோல்ட் போர்டுக்கு வந்து சேரும்போது 4.5க்குக் கீழே போயிருக்கும். ஈஎஸ்பி32 போர்டில் 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் 1117 வகை ரெகுலேட்டருக்குத் தன் பங்காக 1 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். மிச்சத்தில் 3.3 வருவது கஷ்டம். கடைமடையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: மேல்மடையில் ஒருவர் மடையைத் திறந்தால் நம் வாய்க்காலில் மட்டம் இறங்குகிறதே, அதேதான் இங்கேயும். வைஃபை மேல்மடை, சென்சார்கள் கடைமடை.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் கொட்டகை லைன் வோல்டேஜும் சேர்ந்து இறங்கும். நிறுத்தும்போது ஸ்டார்ட்டர் காயிலிலிருந்து ஒரு முள் போன்ற மின்துடிப்பு ஏறும். மல்டிமீட்டரை சார்ஜர் முனையில் வைக்காமல் ஈஎஸ்பி32இன் 3.3 வோல்ட் பின்னிலேயே வைத்துப் பாருங்கள். சாதாரண மீட்டர் மெதுவானது, கண நேரச் சரிவைக் காட்டாது. அதனால் "3.3 சரியாக இருக்கிறது" என்று மீட்டர் சொன்னாலும் முழுக்க நம்ப வேண்டாம். கம்ப்யூட்டரில் பார்க்கும் சீரியல் மானிட்டரில் பிரௌன்அவுட் (வோல்டேஜ் சரிந்து சிப் ரீசெட் ஆனது) என்று ஒரு வரி எப்போதாவது வந்திருந்தால் அது மீட்டரைவிட நல்ல சாட்சி. மருந்து சுலபம்: 5 வோல்ட் உள்ளே வரும் இடத்தில் 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக், ஒவ்வொரு சென்சாரின் காலடியிலும் 104 என்று அச்சடித்த சின்ன செராமிக் கெபாசிட்டர், குட்டையான தடித்த யூஎஸ்பி கேபிள், 2 ஆம்பியர் சார்ஜர்.

இனி சால்டர். ஒயரை ஆட்டினால் எண் மாறுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் தொழிலில் டிரை சால்டர் என்போம். ஈயம் பாகத்தின் காலில் ஒட்டியிருக்கும், பேடில் (போர்டின் செம்புப் புள்ளியில்) உட்கார்ந்த மாதிரி மட்டும் இருக்கும். அல்லது காலைச் சுற்றி முடி அளவு வளையமாக ஒரு விரிசல் இருக்கும். ஈயம் கலந்த கம்பியில் நல்ல சால்டர் பளபளப்பாகக் கூம்பு வடிவில் இறங்கியிருக்கும். ஈயமில்லாத கம்பியில் நல்ல சால்டரே மங்கலாகத்தான் தெரியும், எனவே மங்கல் என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் செய்வது, அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்துப்போய்ப் பேடில் அப்புவது. போகிற வழியிலேயே ஈயக் கம்பிக்குள் இருக்கும், ஈயத்தை ஒட்ட வைக்கும் ஃப்ளக்ஸ் புகையாகப் போய்விடும். நுனியால் பேடையும் காலையும் சேர்த்து இரண்டு மூன்று நொடி சூடாக்கி, ஈயத்தை நுனியில் வைக்காமல் காலும் பேடும் சேரும் இடத்தில் தொட வேண்டும். 63/37 கம்பி 183 டிகிரியில் உருகும், நுனி 320 முதல் 350 டிகிரி இருந்தால் போதும். பழுப்பு நிற மலிவு டாட் போர்டில் திரும்பத் திரும்பச் சூடு காட்டினால் பேடே பெயர்ந்து வந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பதால், பச்சை நிற கிளாஸ் எபாக்ஸி போர்டு ஒன்று வாங்கி, செம்பைப் பேனா அழிக்கும் ரப்பரால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டுப் புதிதாக வைப்பது நல்லது. பழையதை ரிப்பேர் செய்யும் நேரத்தில் அது முடிந்துவிடும்.

பீப் சத்தத்தை மட்டும் நம்பி "கன்டினியூட்டி சரியாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். பல மீட்டர்கள் 30, 50 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். எனக்குப் பிடித்த சோதனை வேறு. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஈஎஸ்பி32இன் கிரவுண்ட் காலிலும், சிவப்பு முனையை ஒவ்வொரு சென்சாரின் கிரவுண்ட் காலிலும் தொடுங்கள். பேடில் இல்லை, காலில். போர்டுக்குள் ஒரு சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. 100 காட்டினால் அந்தப் பாதையில் டிரை சால்டர், அல்லது முடி போன்ற ஒயரில் எல்லாக் கிரவுண்டையும் சங்கிலியாகக் கோத்திருக்கிறீர்கள். அந்த 100 மில்லிவோல்ட்டே உங்கள் எண்ணில் 120ஐ விழுங்கிவிடும். தொட்டுக்கொண்டே போர்டை மெதுவாக வளைத்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் மீட்டர் துள்ளும்.

மழை இரவில் மோசம் என்றீர்களே, அது எனக்கு இன்னொரு கதவைத் திறக்கிறது. சால்டர் வைக்க என்ன பேஸ்ட் பயன்படுத்தினீர்கள்? எங்கள் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச நவச்சாரம் போடுவார்கள், தகரம் ஒட்ட ஆசிட் வைப்பார்கள். பாத்திரத்துக்கு அது சரி, போர்டுக்கு விஷம். கழுவாமல் விட்டால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பேடுக்குப் பேடு மின்சாரம் கசியும், கொஞ்ச நாளில் செம்பு பச்சை பூக்கும். ரெசின் பேஸ்ட்கூட நிறைய அப்பியிருந்தால், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஓரளவு கசியலாம். உங்கள் மண் சென்சாரின் வெளியீடு பலவீனமானது, உள்ளே 1 மெகா ஓம் ரெசிஸ்டரை நம்பி நிற்பது. அதன் பக்கத்தில் சில நூறு கிலோ ஓம் கசிவு வந்தாலே எண் நகர்ந்துவிடும். டிஜிட்டல் சென்சார்கள் இவ்வளவு சின்னக் கசிவைக் கண்டுகொள்ளாது. ஆகவே கசிவு உங்கள் ஈரப்பத எண்ணை விளக்கலாம், -127ஐ விளக்காது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், அப்புறம் நல்ல வெயில். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். சுத்தமாகக் காய்ந்த பிறகு மேலே வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கலாம். கழுவாமல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் மண் சென்சார் மட்டும் தகராறு செய்தால், அப்போது நீங்கள் கேட்ட டூப்ளிகேட் கேள்வி. சந்தையில் வரும் கறுப்பு நிற கெபாசிட்டிவ் சென்சார் லாட்களில் இரண்டு பழுது சகஜம். ஒன்று, 3.3 வோல்ட்டில் ஓடக்கூடிய டிஎல்சி555 டைமர் சிப்புக்குப் பதில் என்இ555 வைத்துவிடுவது. என்இ555க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். சிப்பின் மேல் எழுத்தை லென்ஸில் படித்தால் தெரியும். இரண்டு, அந்த 1 மெகா ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனை கிரவுண்டோடு சேராமல் விடுபட்டிருப்பது. பவரை எடுத்துவிட்டு வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் அளந்தால் சுமார் 1 மெகா ஓம் காட்ட வேண்டும். அறுத்த ஓரங்களில் பூச்சு இல்லாததால் தண்ணீர் உள்ளே ஊறும் என்பதும் உண்மை, எபாக்ஸி தடவிவிடுங்கள்.

தாவலையும் நகர்வையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நொடிக்குள் தாவினால் எலக்ட்ரானிக்ஸ். மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெல்ல நகர்ந்தால் மண். நம் பக்கத்துக் களிமண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சென்சாரை ஒட்டி வெடிப்பு விழுந்தால் அது அளப்பது காற்றை. வேதாரண்யம் பக்கம் போகப்போகத் தண்ணீரில் உப்பு ஏறும், இந்த வகை சென்சார் உப்பையும் ஈரமாகவே கணக்குப் போடும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும், அதை உங்கள் வயலில் நீங்களேதான் அளந்து பார்க்க வேண்டும். கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: சம்பா நெல்லுக்கு இந்த சென்சார் அவ்வளவாக உதவாது. மண் முழுக்க நனைந்த பிறகு அதற்கு வித்தியாசம் தெரியாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுகிறவர்கள் வயலில் ஓட்டை போட்ட குழாயைப் புதைத்து, நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சுகிறார்கள். அந்தக் குழாய்க்குள் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போதும், ஏடிசியே வேண்டாம். இரண்டு கண் வைத்த திறந்த அல்ட்ராசோனிக்கையும் ஈரமான இடத்தில் வைக்காதீர்கள். மூடிய வகை கிடைக்கிறது, ஆனால் அதற்குக் கிட்டத்தில் 20, 25 சென்டிமீட்டர் வரை கண் தெரியாது. திறந்த வகையின் எக்கோ பின் 5 வோல்ட் தரும் என்பதால் அதை ஈஎஸ்பி32க்கு நேராகக் கொடுக்காமல் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பிரித்துக் கொடுங்கள்.

ஒயர் நீளத்தை நீங்கள் சொல்லவில்லை. வயலிலிருந்து கொட்டகை வரை அனலாக் ஒயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டி இழுத்திருந்தால், அதைப் பிரித்துத் தள்ளிப் போடுங்கள். முடிந்தால் ஈஎஸ்பி32ஐ சென்சார் பக்கத்தில் வைத்துவிட்டு பவரை மட்டும் நீளமாக இழுங்கள். டிஎஸ்18பி20க்கு மூன்று ஒயரும் போட்டு, டேட்டா ஒயருக்கும் பவருக்கும் இடையில் 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் இருக்கிறதா பாருங்கள். ப்ரெட்போர்டிலிருந்து மாற்றும்போது விட்டுப்போகும் முதல் ஆள் அதுதான்.

சராசரி பற்றி. ஒன்பது முறை 30, ஒரு முறை -127 வந்தால் சராசரி 14.3. மார்கழிப் பனியில்கூட நம் பக்கம் காணாத குளிர், ஆனால் பார்க்க உண்மையான வெப்பநிலை மாதிரியே இருக்கும். அதனால் முதலில் 85, -127, 0 மூன்றையும் தூக்கி எறிந்து, எத்தனை முறை எறிந்தோம் என்று தனியாக எண்ணி வையுங்கள். மிச்சத்துக்கு நடு எண்ணை எடுங்கள். எறிந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைகிறதா என்பதுதான் உங்கள் ரிப்பேரின் மதிப்பெண்.

இந்த போர்டிலிருந்து மோட்டார் ஸ்டார்ட்டருக்கு ரிலே ஏதாவது கொடுத்திருந்தால் இப்போதே கழற்றி வையுங்கள். 0 என்று ஒரு பொய் எண் வந்து நடுராத்திரியில் மோட்டார் ஓட வேண்டாம். சோதனை செய்யும்போது மோட்டாரைப் போட்டு நிறுத்துவதை அப்பாவிடம் விட்டுவிட்டு, நீங்கள் போர்டு பக்கம் மட்டும் கை வையுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருப்பது மூன்று பேஸ். பென்சில் செல் வைத்தபோது எண் எவ்வளவு ஆடியது, கிரவுண்ட் மில்லிவோல்ட் எவ்வளவு, எந்த ஜிபிஐஓ, என்ன பேஸ்ட், ஒயர் எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள், போர்டின் பின்பக்கப் படமும் சேர்த்து. அதைப் பார்த்துவிட்டு எது என்று சொல்கிறேன்.